ஊட்டியிலிருந்து நடுவட்டம் வரை ஒரு கதைப் பயணம்: பிள்ளைகளோடு போகலாமா?

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நானும் மனைவியும், பன்னிரண்டு வயது மகளும் ஒன்பது வயது மகனுமாக, குன்னூரிலிருந்து காலையிலேயே கிளம்பி ஊட்டி போனோம். அங்கே ஒரு அப்பாவும் மகளும் சேர்ந்து நடத்துகிற ஒருநாள் கதைப் பயணத்தில் சேர்ந்துகொண்டோம். பெரியவர்களுக்குத் தலைக்கு 1,100 ரூபாய், பிள்ளைகளுக்கு 600. காலை டீ, வர்க்கி, மதியச் சாப்பாடு, வேன் எல்லாம் அதிலேயே அடக்கம். பெயரைப் போடவில்லை. நல்லதோடு குறையையும் எழுதுவேன் என்று அவர்களிடமே சொன்னேன், "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்றார் அந்த அப்பா, நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்டவர். போக விருப்பமுள்ளவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

வழக்கமான ஊட்டி டூர் என்றால் தெரியும் உங்களுக்கு. பைக்காரா, ஷூட்டிங் ஸ்பாட், பைன் காடு, சாக்லேட் கடை, அரை மணி போட்டோ, ஏறு வண்டியில். இங்கே இடங்களைவிடக் கதைதான் முக்கியம், நாள் முழுக்க ஒரே ஒரு பையனின் கதை. ஒன்பது வயதில் திருடி மாட்டிக்கொண்டு, பதின்மூன்று வயதில் உலகத்தின் மறுகோடிக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்ட ஜான் ஹட்சன் என்ற லண்டன் பையன். ஊட்டிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. போய்ப் பார்த்த பிறகு, இந்த மலையில் வைத்துச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை என்றே நினைக்கிறேன்.

முதல் நிறுத்தம் அவர்கள் வீட்டுத் திண்ணை. பழைய காலத்துக் கட்டடம், மேலே கணப்புக்கான புகைபோக்கி இருக்கிறது. எங்களோடு வேறு இரண்டு குடும்பம், மொத்தம் பதினோரு பேர். டீ கொடுத்துவிட்டு அண்ணன் பிள்ளைகளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்க்கச் சொன்னார். "இதுக்குள்ள ஏறிக் கரி சுரண்டணும்னா எவ்வளவு பெரிய ஆள் வேணும் தம்பி?" என்று கேட்டார். என் மகன் தோளைக் குறுக்கிப் பார்த்துவிட்டு "நான் போவேன், அக்கா போக முடியாது" என்றான். அங்கிருந்துதான் கதை ஆரம்பம். அந்த லண்டன் பையனும் இதே வேலைதான், அதுவும் அவ்வப்போதுதான்.

வழக்கு நடந்தது 1783 டிசம்பர் 10ஆம் தேதி, ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில். வில்லியம் ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் வீட்டில் அக்டோபரில் ஓர் இரவு ஜன்னல் வழியாக இறங்கித் திருடியதாகக் குற்றச்சாட்டு. திருடு போனவை ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன். எல்லாம் சேர்த்து 22 ஷில்லிங் மதிப்பு. என் மகள் உடனே கேட்டாள், "அஞ்சு சாக்ஸா? அப்ப ரெண்டரை ஜோடியா?" நாற்பது தடவையாவது இதே கதையைச் சொல்லியிருப்பார், ஆனாலும் அண்ணன் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னார். இருட்டில் கைக்கு அகப்பட்டதை வாரிக்கொண்டு போன பிள்ளை, எண்ணியா எடுத்திருப்பான் என்றார். வயது என்ன என்று நீதிமன்றத்தில் கேட்டதற்கு ஒன்பது நடக்கிறது என்றிருக்கிறான். அப்பா அம்மா? இறந்துவிட்டார்கள். எப்போது? தெரியாது. இந்த மூன்று பதிலும் அன்றைய வழக்குக் குறிப்பில் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் அவர் மகள் ஒரு தாளை எடுத்துத் தரையில் வைத்தார். கரி தொட்டு வரைந்த ஒரு சின்னப் பாதம், விரல்கள் தனித்தனியாக. திருடு போன அந்த லண்டன் வீட்டுக்காரர் காலையில் எழுந்து பார்த்தபோது ஜன்னலுக்குக் கீழே இருந்த மேஜையில் கரி படிந்த கால்விரல் தடம் இருந்திருக்கிறது, சின்னப் பாதம். அதை அவர் ஒரு தாளில் பதிந்து எடுத்து வைத்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். இவர்கள் காட்டியது அந்தத் தாள் இல்லை, இவர்களே வரைந்தது, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் என் மகன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது, அவன் பாதம் கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. திண்ணையில் யாரும் பேசவில்லை. கொடுத்த காசுக்கு எனக்கு அந்த ஒரு நிமிடமே போதும்.

இரவில் வீடு புகுந்த குற்றம் நிரூபணமானால் அந்தக் காலத்தில் தூக்கு. ஜூரிகள் அதைத் தள்ளிவிட்டுத் திருட்டு மட்டும்தான் என்று முடிவு செய்தார்கள், நீதிமன்றம் ஏழு ஆண்டு நாடு கடத்தல் விதித்தது. இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள் என்பது குறிப்பைப் படித்தால் தெரியும், இந்தப் பையனைப் பழைய வாழ்க்கையிலிருந்து எப்படியாவது பிடுங்கி எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அந்த இரக்கத்திலிருந்து அவன் வாழ்க்கை எங்கே போனது என்பதுதான் மீதிக் கதை.

இங்கே சேவையின் முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பகுதியை ஓடுகிற வேனில் மைக் வைத்துச் சொல்கிறார்கள். ஊட்டியைத் தாண்டினால் சாலை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மைக் கீச்சிட்டது, வளைவுக்கு வளைவு பிள்ளைகள் சாய்ந்தார்கள், பின் இருக்கையில் ஒரு பாப்பா வாந்தி எடுத்துவிட்டாள். கப்பலில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அண்ணன் சமாளித்தார், எனக்கு அது சரியாகப்படவில்லை. கதையில் முக்கியமான பகுதியே அதுதான். அமெரிக்கா 1775இல் சண்டைக்கு நின்ற பிறகு பிரிட்டன் தன் கைதிகளை அங்கே அனுப்ப முடியாமல் போனது. ஓட்டத்துக்கு உதவாத பழைய கப்பல்களைக் கரையோரம் கட்டிப்போட்டு அதையே சிறையாக்கினார்கள். அப்படியும் 1784இல் இந்தப் பையனை மெர்குரி என்ற கப்பலில் அமெரிக்கப் பக்கம் அனுப்பப் பார்த்தார்கள், வழியிலேயே கைதிகள் கலகம் செய்து கப்பலைப் பிடித்துக் கரைக்குத் திருப்பிவிட்டார்கள். மறுபடி பிடிபட்டு, பிளிமத் துறைமுகத்தில் டன்கர்க் என்ற சிறைக் கப்பலில் ஏறக்குறைய மூன்று வருடம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயது. நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போகிற காலம் முழுக்க அவன் பெரிய ஆண்களுக்கு நடுவே ஒரு கப்பலின் வயிற்றில் கிடந்தான். இதைப் போய் வளைவில் மைக்கில் சொல்வதா? வேனை ஓரமாக நிறுத்தி ஒரு பத்து நிமிடம் சொன்னால் போதும்.

1787 மே 13ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து பதினோரு கப்பல்கள் 700க்கு மேற்பட்ட கைதிகளோடு கிளம்பின. இவன் ஏறியது ஃபிரெண்ட்ஷிப் என்ற கப்பலில். பெயரைக் கேட்டதும் என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேப் டவுனில் அந்தக் கப்பலின் பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் ஆடுகளை ஏற்றினார்கள். 1788 ஜனவரியில் சிட்னி. ஆண் கைதிகளில் வயதில் எல்லோருக்கும் சின்னவன் இவன்தான்.

சிட்னியை எங்கே வைத்துச் சொன்னார்கள் தெரியுமா? கற்பூர மரத் தோப்பில். பைக்காரா போகும் வழியில் சாலையோரம் ஒரு தோப்பு, பட்டை உரிந்து தொங்குகிற மரங்கள், கீழே காய்ந்த இலை சரசரவென்று. இலையைக் கசக்கி முகரச் சொன்னார். நாம் சளிக்குத் தேய்க்கிற நீலகிரித் தைலத்தின் வாசனை. பிறந்ததிலிருந்து இந்த மரத்துக்கு நடுவே வளர்ந்த நான், இது நம் மரம் இல்லை என்பதைப் பாடமாகப் படித்திருக்கிறேனே தவிர மனதில் வாங்கியதில்லை. 1843இல் ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்தது, விறகுக்காக. சீகை மரமும் அங்கிருந்து வந்ததுதான். அதாவது அந்தப் பையன் கப்பலிலிருந்து இறங்கி முதல் முதலாக மோந்த காட்டு வாசனை, இந்த வாசனைக்கு அண்ணன் தம்பி. இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிச் சொன்னார். அந்த மரங்கள் நம் புல்வெளிக்கும் ஓடைக்கும் செய்த கெடுதலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்.

மதியச் சாப்பாடு பைக்காரா தாண்டி ஒரு தெரிந்தவர் வீட்டில். சோறு, அவரைக் குழம்பு, உருளைக்கிழங்கு, கீரை, தயிர். சுடச்சுட, தாராளமாக. ஆனால் இலையில் சோறு விழும்போது மணி இரண்டே முக்கால், பிள்ளைகளோடு போகிறவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை ஒன்றுதான், சுத்தமாக இருந்தது.

அப்புறம் நடுவட்டம். பழைய சிறைக் கட்டடம், சின்னச் சின்ன அறைகள், உள்ளே போனால் சனிக்கிழமை மதியத்திலும் குளிர். இங்கேதான் எனக்கு இந்தப் பயணத்தோடு சண்டை.

அண்ணன் சொன்னது இது. பிரிட்டனும் சீனாவும் மோதிய ஓபியம் போரில் பிடிபட்ட சீனச் சிப்பாய்களை வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்து அடைத்தான், காய்ச்சல் மருந்து எடுக்கிற சிங்கோனா மரத் தோட்டத்தில் வேலை வாங்கினான். இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் 1908இல் வந்த நீலகிரி மாவட்டக் கெசட்டியரை, அதாவது அரசாங்கமே தொகுத்த மாவட்ட விவர நூலைப் படித்தால் வேறு செய்தி. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றத்தில் சிறையில் இடம் போதாமல் அங்கே தண்டனை பெற்ற சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள், அவர்களில் ஒரு பகுதிதான் நீலகிரிக்கு வந்தது. 1867 வரை அந்தத் துறைமுகங்கள் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தன, அதனால் இது அவர்களுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குக் கோப்பு அனுப்புவது மாதிரி. போர்க் கைதி இல்லை, நாடு கடத்தப்பட்ட குற்றவாளிகள். அதாவது காலையிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டு வந்த அந்தப் பையனின் ஜாதி.

வெளியே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அண்ணன் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார், "தெரியும் சார். சிப்பாய்னு சொன்னா ஜனங்க தொப்பியக் கழட்டிட்டுக் கேக்கறாங்க. திருட்டுக் கேசுல வந்தவன்னு சொன்னா சிரிச்சுட்டு போட்டோ எடுக்கப் போயிடறாங்க."

எனக்கு அந்தப் பதில் இன்றுவரை உள்ளே கிடக்கிறது. அவர் சொல்வது உண்மை, ஆனால் அந்தச் சிரிப்பை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், காலையில் திண்ணையில் ஒரு கரித் தாளை வைத்து பதினோரு பேர் வாயையும் அடைத்தவர். லண்டன் பையனைத் திருடனாகவே வைத்து நம்மை அவன் பக்கத்தில் நிற்க வைக்க முடிகிறதென்றால், கடல் தாண்டி நம் மலைக்கு வந்தவனை மட்டும் ஏன் சிப்பாயாக்க வேண்டும்? இதைத்தான் அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்.

நம் பக்கத்துக்கும் சிங்கப்பூர்ப் பக்கத்துக்கும் நடந்த மாற்று வியாபாரத்தையும் கதையில் சேர்க்கலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கிருந்து அங்கே போனவர்கள் நம் ஆட்கள். சுமத்ராத் தீவின் பெங்கூலனிலிருந்து 1825இல் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்ட முதல் கைதிக் கூட்டமே மதராஸ்காரர்கள்தான். தீவாந்தர தண்டனை என்று நம் பாட்டன் காலத்தில் சொன்னது இதைத்தான். சிங்கப்பூரில் சாலை, கலங்கரை விளக்கம், அரசு மாளிகை எல்லாம் இந்தக் கைதிகள் கட்டியவை. புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவருக்கு அவர்கள் பூசியது நம் மதராஸ் சுண்ணாம்பு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பளிங்கு மாதிரி தேய்த்தெடுப்பது. காரைக்குடி வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்படி மின்னும் என்று. 1873இல் சிங்கப்பூர்ச் சிறையில் மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஊர் திரும்பாமலே போனார்களோ.

சிங்கோனா பகுதி நன்றாகச் சொன்னார், குறையே இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து விதையும் செடியும் கொண்டுவரப்பட்டு 1860ஐ ஒட்டி தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டது, மெக்ஐவர் என்ற தோட்டத் துரை பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்துவிட்டு அந்த இடத்தைப் பாசியால் மூடிவைத்து மறுபடி பட்டை வளர வைத்தது, அதிலிருந்து கொய்னா என்ற அந்தக் காய்ச்சல் மருந்தை எடுத்தது எல்லாம். ஒரு காய்ந்த பட்டைத் துண்டை நாக்கில் வைக்கச் சொன்னார். கசப்பு என்றால் வேப்பங்கசப்பு இல்லை, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற கசப்பு, மகன் அரை மணி நேரம் துப்பிக்கொண்டே இருந்தான். கூடலூர்ப் பக்கம் காய்ச்சலில் சாகாமல் ஆட்கள் பிழைத்ததில் இந்தப் பட்டைக்குப் பங்குண்டு, பட்டையை உரித்த கைகளில் விலங்கு மாட்டிய கைகளும் உண்டு.

வந்தவர்களில் சிலர் விடுதலையான பிறகும் போகவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே சரிவில் குடிசை போட்டு, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்திருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இவர்களை நேரில் பார்த்து 1909இல் வந்த தன் பெரிய தொகுப்பில் எழுதியிருக்கிறார். தர்ஸ்டன் மண்டையை அளக்கவும் மூக்கை அளக்கவும் வந்தவர், எனக்கு அந்த அளவுகள் வேண்டாம். ஒரு கூடலூர்க்காரி சீனத்துக் கைதியோடு என்ன மொழியில் சண்டை போட்டிருப்பாள், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருப்பாள் என்றுதான் நான் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணனும் அங்கே அதிகம் பேசவில்லை. "வந்தவன் இங்கயே வெதச்சுட்டான்" என்று மட்டும் சொன்னார். நல்ல கதைசொல்லி, எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவர்.

எல்லோரும் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. 1860களில் லவ்டேல் பள்ளிக் கட்டட வேலையின்போது அங்கே அடைத்து வைத்திருந்த சீனக் கைதிகள் சிலர் மழை இரவில் தப்பித்து ஓடினார்கள். தேடிப்போன போலீசாரில் நாலு பேரை சிஸ்பாரா மலைப்பாதையில் வாலாகாட் அருகே வெட்டிக் கொன்றிருக்கிறார்கள், தலைகளைத் தனியாக எடுத்து உடலோடு சேர்த்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்ததால் அண்ணன் இதைச் சொல்லவில்லை, அது சரிதான். பெரியவர்கள் மட்டும் போகும் நாளில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். செத்த நாலு பேரும் மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள்.

இனி பெரிய குறை. சிறை வாசலில் அவர் பையிலிருந்து ஒரு விளையாட்டு விலங்கை எடுத்துப் பிள்ளைகள் கையில் மாட்டி போட்டோ எடுக்க விடுகிறார். மற்ற குடும்பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், என் மகனும் நின்றான், நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு படம். என் மனைவிதான் போய்க் கழற்றினாள். காலையில் அந்தக் கரிப் பாதத்தின் மேல் கால் வைத்த அதே பிள்ளை. இது அவன் தப்பு இல்லை, கையில் கொடுத்தவர் தப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வந்தது என்றால், நான் கணக்கு வாத்தியார். சில வருடம் முன்பு நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சரின் கைப்பையிலிருந்து 340 ரூபாய் எடுத்துவிட்டான். அவன் அம்மா பச்சைத் தேயிலை பறிக்கப் போகிறவர். மறுநாள் காலை பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள், அந்த வாரமே டி.சி. கொடுத்தார்கள். வகுப்பாசிரியர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். வேறு பள்ளியில் சேர்ந்து நல்லபடியாக வருவான், இங்கே இருந்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஓல்டு பெய்லி நீதிபதி சொன்னதும் ஏறக்குறைய இதுதான் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது. அவன் வேறு பள்ளியில் சேரவில்லை. ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். வழியில் பார்த்தால் "வணக்கம் சார்" என்பான்.

கடைசி நிறுத்தம் மறுபடி அவர்கள் வீடு, இருட்டுகிற நேரம். வாசலில் உயரமாக ஒரு மரம், அடுக்கடுக்காகக் கிளை விரித்து நேராக நிற்கிறது. நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்கிறார்களே, அந்த வகை. அண்ணனின் அப்பா நட்டதாம். இதன் பூர்வீகம் நார்ஃபோக் தீவு, சிட்னியிலிருந்தும் கடலில் நெடுந்தூரம் தள்ளி இருக்கிற சின்னத் தீவு. கப்பலுக்குப் பாய்மரம் ஆகும் என்று நம்பித்தான் அங்கே கைதிகளைக் குடியேற்றினார்கள், மரம் அதற்கு உதவவில்லை. 1790 மார்ச்சில் நம் பையனை அங்கே அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தை ஏற்றிவந்த இரண்டு கப்பல்களில் ஒன்றான சிரியஸ் அதே மாதம் பாறையில் மோதி உடைந்தது. தீவில் உணவு தட்டுப்பட்டு, கடற்பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்துத் தின்று பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரே ஒரு வரிதான். 1791 பிப்ரவரியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக 50 கசையடி. அவ்வளவுதான், பதிவேட்டில் அவன் முடிந்துவிட்டான். அண்ணனின் மகள் இதைச் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டார்.

நான் கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீர்ப்பு 1783 டிசம்பர். ஏழு வருடம். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் தண்டனை 1790 டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது, அடி விழுந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இதை அவர்களிடம் சொன்னபோது அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் சொல்லியும் இதைக் கவனிக்கவில்லையாம், அடுத்த முறையிலிருந்து சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவட்டம் ஊட்டியைவிட மழை கூடின இடம், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை போவதாக இருந்தால் குடையைவிட ரெயின்கோட் நல்லது, தோப்பில் அட்டை ஏறும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நாள் நீளம். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்துக்கு நாலு. விலங்கை எடுத்துவிட்டு, நடுவட்டத்தில் சிப்பாய் கதையை விட்டுவிட்டால் ஐந்து போடுவேன். ஜனவரியில் என் வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேரோடு போக முன்பணம் கட்டியிருக்கிறேன். வேனில் பதினைந்தாவது சீட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் அன்றைக்கு ஒருநாள் லீவு கேட்க வேண்டும், அதுதான் இன்னும் பாக்கி.